கறுத்த கத்திகளுக்கு என் கையொப்பம்

11-9-1961

மதிப்பிற்குரிய நாட்குறிப்பேட்டிற்கு,

வணக்கம். பொங்கல் கழிந்த வாரத்திலிருந்து தங்களை ஒருமுறைகூடத் திறவாமல், ஆணிப் பெட்டிக்கு அடியில் கிடத்தி வைத்திருந்தமைக்கு முதற்கண் மன்னிப்புக் கோருகிறேன். தாமதத்திற்குத் தக்க காரணம் உண்டு. என் கணவருக்கு முதுகு பிடித்துக்கொண்டதால், ஜாலான் புசாரில் உள்ள எங்கள் இரும்புச் சாமான் கடையின் கல்லாவில் நானே அமர வேண்டியதாயிற்று. முதுகு குணமான பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. அவரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. இருவருக்கும் இந்த ஏற்பாடு பிடித்துவிட்டது என்பதே உண்மை.

அவர் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. எழுதக்கூடாது என்று எங்கும் படித்ததில்லை. ஆகவே எழுதுகிறேன்: தனசேகரன்.

படித்ததில்லை என்று எழுதும்போதே ஒரு பெருமிதம் வருகிறது. நான் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவள் அல்லள். ஆணிப் பொட்டலம் கட்டும் பழைய செய்தித்தாள்களே என் பாடப் புத்தகங்கள். தலையங்கங்களில் பாதி கிழிந்திருக்கும். மீதியை நானே மனத்துக்குள் எழுதி முடித்துக்கொள்வேன். என் தமிழ் இப்படி விறைப்பாக நிமிர்ந்து நிற்பதற்கு அதுதான் காரணம் என்று அவர் கேலி செய்வார். நிற்கட்டும்.

14-9-1961

இன்று ஒரு சிறப்பான வாடிக்கையாளர் வந்தார். பெயர் அப்துல் ஹமீது. துறைமுகத்தில் எழுத்தர். ‘குன்றுலா நண்பர்கள் கழகம்’ என்னும் அமைப்பின் செயலாளர். கழகத்தின் பெயரைக் கேட்டதுமே எனக்கு அவர்மேல் மரியாதை பிறந்துவிட்டது.

டிசம்பர் விடுமுறையில் ஜொகூரில் உள்ள லேடாங் மலையில் பதினெட்டுப் பேர் ஏறப் போகிறார்களாம். கித்தான், கயிறு, அரிக்கேன் விளக்கு, தண்ணீர்க் குப்பி, ஆளுக்கொரு கத்தி ஆகியவை தேவை. மற்றவற்றைச் சட்டென்று சொல்லி முடித்தவர், கத்தி என்றதும் நின்றுவிட்டார்.

“போன வருஷம் வேற கடையில வாங்கினோம்மா. ரெண்டாம் நாளே பிடி கழண்டு போச்சு. கூரை போட மூங்கில் வெட்டப் போன ஆளு, கையில வெறும் பிடிய வச்சுக்கிட்டு நிக்கிறாரு. மழைன்னா அப்படி ஒரு மழை. சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல லா.”

“எங்கள் கடையில் அத்தகைய நிலை ஏற்படாது” என்றேன்.

“எழுத்துல குடுக்கிற கடைன்னு சொன்னாங்க. அதான் தேடி வந்தேன். மேல போய்ட்டா கடை கிடையாதும்மா. கையில இருக்கிறதுதான். கூரை போடணும்னாலும், டின் திறக்கணும்னாலும், ஒருத்தன் கொடியில சிக்கிக்கிட்டாலும் அந்தக் கத்திதான்.”

நான் விற்கும் அரிக்கேன் விளக்குகளோடு ஓர் உறுதிமொழி அட்டை எழுதிக் கையொப்பமிட்டுத் தருவது வழக்கம். ஊரில் வேறு எவரும் அப்படிச் செய்வதில்லை. அது ஒரு மனிதரை எங்கள் படி ஏறச் செய்திருக்கிறது. இரவு சோறு இறங்கவில்லை, மகிழ்ச்சியால்.

23-9-1961

பினாங்கிலிருந்து மாதம் ஒருமுறை வரும் வியாபாரி முகம்மது யூசுப் அண்ணன் கத்தி மாதிரிகளோடு வந்தார். ஒன்றை உறையிலிருந்து உருவினார். கடைக்குள் வெளிச்சம் வந்தது போலிருந்தது.

“பாருங்க தங்கச்சி, முகம் தெரியும். பொட்டு வச்சுக்கலாம்.”

உறையில் சிறிய திசைகாட்டி. பக்கத்துப் பையில் ஊதல். அலகின் மேல் ஆங்கில எழுத்துகள் பொறித்திருந்தன. எழுத்துக் கூட்டிப் படித்தேன்: கறை படியாத எஃகு. அச்சில் ஏறிய சொல்லை நான் எளிதில் சந்தேகிப்பதில்லை. அச்சுதானே எனக்கு ஆசான்? கழகத்திற்கு வேண்டியதையும் அதற்கு மேல் கொஞ்சமும் எடுத்துக்கொண்டேன்.

மாலையில் என் கணவர் சுங்கை ரோட்டுப் பழஞ்சாமான் சந்தையிலிருந்து ஒரு சாக்கு மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தார். உள்ளே பட்டாளத்துக்காரர்கள் கழித்துப் போட்ட பழைய கத்திகள். மங்கிய நிறம், எண்ணெய்ப் பிசுக்கு, ஒன்றில்கூட ஓர் எழுத்து இல்லை.

“என்ன கோலம் இது?” என்றேன்.

“சல்லிசாக் கிடைச்சுது. மூட்டையோட எடுத்துட்டேன்.”

“பெயர் இல்லை, ஊர் இல்லை.”

“கத்திக்கு எதுக்குடி ஊரு? பொண்ணா குடுக்கப் போறோம்?”

24-9-1961

மூட்டையைப் படிக்கட்டுக்கு அடியில் தள்ளச் சொன்னேன். தள்ளினார்.

2-10-1961

அட்டையின் வாசகம் இன்று முடிவாயிற்று. ஐந்து முறை திருத்தினேன்.

‘இதனைப் பெறுவோர்க்கு அறிவிப்பது யாதெனில்: எமது கடையில் விற்கப்பெற்ற இக்கத்தியானது வளையாது, மடங்காது, கறை படியாது. ஆபத்து வேளையில் தங்களைக் கைவிடாது. இதற்கு யானே பொறுப்பு. இங்ஙனம், செல்லக்கண்ணு.’

‘நானே’ என்பதை ‘யானே’ என்று மாற்றியபோதுதான் மனம் நிறைந்தது.

“சோதிச்சுப் பாத்தியா?” என்று கேட்டார் அவர்.

செய்தித்தாள் ஒன்றைத் தூக்கிப் பிடித்து ஒரு கீற்றுக் கீறிக் காட்டினேன். இரண்டாகத் தொங்கியது. “பாருங்கள்” என்றேன். பார்த்தார். காப்பி குடிக்கப் போய்விட்டார்.

18-10-1961

ஆயுத பூசை. கடையைக் கழுவிக் கோலமிட்டோம். சிவப்புத் துணி விரித்து, சுத்தியல், ரம்பம், அரம், தராசு, கத்திகள் யாவற்றையும் பரப்பினோம். படிக்கட்டு மூட்டையையும் அவிழ்க்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். “அதுவும் ஆயுதந்தானே? அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?” நல்ல நாளில் வாதாட வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அவரே உட்கார்ந்து எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தார்.

ஒவ்வோர் அலகிலும் எலுமிச்சைப் பாதியால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, அதன்மேல் சந்தனமும் குங்குமமும் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். என் கையாலேயே வைத்தேன். விடியும்வரை எதையும் தொடக்கூடாது. பொரியும் கடலையும் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் அனுப்பியாயிற்று. சோற்றுக்கடை ரபியா ஒரு தட்டு மாவுருண்டை திருப்பி அனுப்பினாள். நிறைவான நாள்.

19-10-1961

காலையில் துணியை எடுத்துக் கத்திகளைத் துடைத்தேன். வியப்பிலிருந்து இன்னும் மீளவில்லை.

யூசுப் அண்ணனின் கத்திகள் நேற்றுப் போலவே பளபளத்தன. மூட்டைக் கத்திகளோ ஒவ்வொன்றும் எலுமிச்சை பட்ட இடத்தில் கறுத்திருந்தன. சிலவற்றில் கட்டைவிரல் அகலத்திற்குக் கரும்புள்ளி. தேய்த்தாலும் போகவில்லை.

இதைவிடத் தெளிவாக ஒரு தீர்ப்பு வேண்டுமோ? கலைமகளின் சந்நிதியிலேயே நல்லது இன்னது, கெட்டது இன்னது என்று பிரித்துக் காட்டப்பட்டுவிட்டது. என் கணவரிடம் ஒரு கறுத்த கத்தியைக் காட்டினேன். அவருக்கு வருத்தமாக இருக்கும். ஆகவே நான் அதிகம் பேசாமல், ‘கழிவு’ என்று எழுதிய கூடையில் மூட்டையைக் கொட்டி வாசலில் வைத்தேன்.

27-10-1961

கழகத்தார் வந்து சாமான்களைப் பெற்றுச் சென்றார்கள். ஒவ்வொரு கத்தியையும் அட்டையோடு பலகைமேல் வைத்தேன், அவரவர் எடுத்துக்கொண்டார்கள். கத்தியைக் கைக்குக் கை கொடுப்பது எங்கள் கடையில் கிடையாது. உறவு அறுந்துவிடுமாம்.

அவர்களில் ஒலி முகம்மது என்றொருவர், பஸ் கண்டக்டர், அலகில் முகம் பார்த்து மீசையை முறுக்கினார்.

“அக்கா, இதுல பாத்தா நான் இன்னும் கொஞ்சம் சிவப்பா இருக்கேன் லா. இந்தக் கண்ணாடிய என் வீட்டுக்காரிகிட்ட காட்டிடாதீங்க, அப்புறம் என்னை வெளிய விட மாட்டா.”

அப்துல் ஹமீது அட்டையை இருமுறை படித்துச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார். “இது போதும்மா. இது இருந்தா பசங்க தைரியமா ஏறுவானுங்க” என்றார்.

என் எழுத்து மலை ஏறப் போகிறது.

7-11-1961

தீபாவளி. விடியலில் எண்ணெய்க் குளியல். கறி நறுக்க உட்கார்ந்தால் வீட்டுக் கத்தியின் பிடி ஆடிற்று. புதிய பளபளப்பை விற்பனைக்கு வைத்திருக்கிறேனே, அதை எடுக்க மனம் வரவில்லை. கழிவுக் கூடையிலிருந்து ஒரு கறுத்த கத்தியை எடுத்து, சாணைக் கல்லில் நாலு இழுப்பு இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எலும்போடு கறி, பிறகு இரண்டு தேங்காய், பிறகு ஒரு முழுப் பூசணி. கூர் அப்படியே இருந்தது. இடையில் கல் தேடவில்லை.

குருட்டு அதிர்ஷ்டம் என்று நினைக்கிறேன். ஒரு மூட்டையில் ஒன்று தேறுவது இயல்புதானே.

8-11-1961

ஆயினும் அந்தக் கத்தியைக் கூடையில் திருப்பிப் போடவில்லை. சமையலறையிலேயே இருக்கட்டும்.

29-11-1961

ரபியா வந்தாள். இரண்டு வாரங்களுக்கு முன் என்னிடம் ஒரு பளபளப்புக் கத்தி வாங்கியிருந்தாள். அட்டையும் கொடுத்திருந்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நானே படித்துக் காட்டினேன், குரலை உயர்த்தி.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. எங்க வீட்டுக்காரர் போய்க் குடுத்துட்டு வான்னாரு. நான் திருப்பிக் குடுக்க வரல. சும்மா காட்டத்தான் வந்தேன்.”

பலகைமேல் வைத்தாள். கத்தி வாய் மடங்கியிருந்தது. நசுங்கிய டின் ஓரம் போல. மடங்கிய இடத்தில் வெங்காயத் தோல் போல ஏதோ உரிந்து நின்றது. விரல் நகத்தால் இழுத்தேன். வந்துவிட்டது. உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ ஓர் இரும்பு.

“எதை வெட்டினாய்?”

“தேங்காதான் க்கா. வேற என்ன வெட்டுவேன்?”

அவள் போன பிறகு நீண்ட நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். யாரோ வந்து திருகாணி கேட்டார்கள். ஆணியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன் போலிருக்கிறது. திரும்பி வந்து திட்டினார்கள்.

30-11-1961

காலையில் கடை திறந்ததும் சுவரிலிருந்து ஓர் அரத்தை எடுத்தேன். இருப்பில் இருந்த பளபளப்புக் கத்தி ஒன்றின் முதுகில் தேய்த்தேன். வெண்ணெயில் இறங்குவது போல அரம் கடித்துக்கொண்டு இறங்கிற்று. அடுத்தது. அதுவும். அதற்கடுத்ததும். பிறகு சமையலறைக் கத்தியைக் கொண்டுவந்து தேய்த்தேன். அரம் வழுக்கிக்கொண்டு போனது, கண்ணாடிமேல் போவது போல.

கட முழுக்க அரமாத் தொங்குது. இத்தன நாளா ஒண்ணை எடுத்து ஒரு தேய் தேய்ச்சுப் பாக்கத் தோணல எனக்கு. பேப்பரக் கிழிச்சுக் காட்டினேனாம் பேப்பர. எழுத்துப் பொறிச்சிருந்தா போதும், மயங்கிடுவேன். பெரிய படிப்பாளி!

— நிதானமாக எழுதுகிறேன்.

எலுமிச்சை பொய் சொல்லவில்லை. முலாம் பூசிய இரும்பில் புளிப்பு ஏறாது, ஆகவே கறுக்காது. மூட்டைக் கத்தி ஒளிவு மறைவில்லாத எஃகு, ஆகவே கறுத்தது. தீர்ப்புச் சரியாகத்தான் வந்திருக்கிறது. அதை நான்தான் தலைகீழாகப் படித்திருக்கிறேன். அழுக்கானது கெட்டது, பளிச்சென்றிருப்பது நல்லது என்று பூசைத் துணிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு முடிவு கட்டிவிட்டேன்.

மடங்காத நல்ல வெள்ளை எஃகும் உலகத்தில் இருக்கக்கூடும். அதுவும் கறுக்காதுதான். எனவே எலுமிச்சை பாதிதான் சொல்லும். மீதியை அரமும் தேங்காய் ஓடும் சொல்ல வேண்டும். மூன்றையும் கேட்காமல் ‘யானே பொறுப்பு’ என்று எழுதியவள் நான்.

பதினெட்டுப் பேர் அந்த அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு மலை ஏறப் போகிறார்கள். மேலே கடை கிடையாது.

1-12-1961

அவரிடம் சொன்னேன். சொல்லும்போது ஏனோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அட விடு. மலைக்குப் போய் நாலு போட்டோ எடுத்துட்டு, வந்து மூலையில போடப் போறானுங்க. யாரு அத வச்சு என்னத்த வெட்டப் போறா?”

“கூரைக்கு மூங்கில் வெட்டுவார்கள்.”

அவர் எழுந்து வாசல் கூடையை எட்டிப் பார்த்தார்.

“மூட்டையில எத்தன தேறும்னு பாப்போம். நட்டத்தப் பத்தி அப்புறம் அழுதுக்கலாம்.”

கழிவுக் கூடையைக் கடைக்கு நடுவில் கவிழ்த்தோம். நான் அரம் வைத்தேன். அவர் சாணை பிடித்தார். மூட்டையிலும் எல்லாம் உத்தமம் அல்ல. சிலவற்றை அரம் கடித்தது; சிலவற்றில் பிடி ஆடியது. அவற்றை ஒதுக்கினோம். தேறியவற்றை எண்ணினால் கழகத்திற்குப் போதும், மிச்சமும் இருந்தது.

“உங்கள் கொள்முதல் உயர்ந்தது” என்றேன். சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது.

“எனக்கு என்ன தெரியும்? மலிவா இருக்கேன்னு வாங்கினேன்” என்றார். பிறகு சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். இரண்டு பேருக்கும் கையெல்லாம் கறுப்பு.

2-12-1961

நாளை ஞாயிறு மாலை கழகத்தின் கடைசிக் கூட்டம். திங்கள் விடியலில் லாரி. அப்துல் ஹமீதிடம் தனியாகச் சொல்லி மாற்றிக்கொடுத்துவிடலாமே என்றார் அவர். முடியாது. அட்டை பதினெட்டுப் பேரிடமும் இருக்கிறது. பதினெட்டுப் பேர் முன்னிலையில்தான் அதைத் திரும்பப் பெற வேண்டும்.

துணிவாக எழுதிவிட்டேன். அங்கே படிக்க வேண்டிய அறிக்கையையும் இப்போதே எழுதி வைக்கிறேன்.

3-12-1961

சிராங்கூன் சாலையில் ஒரு காப்பிக் கடை மாடி. ஆண்கள் மட்டும். என் கணவர் கத்திப் பெட்டியைச் சுமந்து வந்து வைத்துவிட்டு, படியருகே நின்றுகொண்டார்.

எழுதி வைத்திருந்த அறிக்கையைப் படித்தேன். ‘கடந்த அக்டோபர்த் திங்களில் தங்களுக்கு வழங்கிய உறுதிமொழியை இதன்மூலம் மீட்டுக்கொள்கிறேன். அக்கத்திகள் நம்பத் தகுந்தவை அல்ல. சோதனையின்றிக் கையொப்பமிட்டது என் பிழை.’ குரல் இரண்டாவது வரியில் கொஞ்சம் நடுங்கியது. மூன்றாவது வரியில் சரியாகிவிட்டது.

பின்வரிசையில் வடிவேலு என்பவர், நீதிமன்றச் சேவகர் போலத் தொப்பி வைத்தவர், எழுந்தார்.

“பளபளன்னு இருக்கிறத வாங்கிக்கிட்டு, கறுத்துப் போனதக் குடுக்கிறாங்க. இதுல யாருக்கு லாபம்னு கேளுங்கப்பா!”

சிரிப்பு. எனக்குக் காது சூடாகிவிட்டது. அவரிடம் அவருடைய கத்தியை மேசைமேல் வைக்கச் சொன்னேன். பையிலிருந்து தேங்காயை எடுத்தேன்.

“நீங்களே வெட்டுங்கள் ஐயா.”

ஓங்கி வெட்டினார். தேங்காய் உடைந்தது. அனைவரும் கை தட்டினார்கள். கத்தியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கை தட்டல் நின்றது.

“வாய் கோணிக்கிச்சு லா” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

பிறகு ஒரு கறுத்த கத்தியை வைத்தேன். ஓட்டுத் துண்டின்மேல் மூன்று முறை வெட்டினார். கட்டைவிரலை அலகின் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, கத்தியைத் தம் இடுப்பிலேயே செருகிக்கொண்டார். “இது எனக்கு” என்றார். மற்றவர்கள் வரிசையில் வந்தார்கள்.

அட்டைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அப்துல் ஹமீது மட்டும் தம் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“புதுக் கத்திக்குப் புது அட்டை?”

“இல்லை ஐயா. இனி அட்டை எழுதுவதாக இல்லை.”

“ஏம்மா?”

“எழுதுவதற்கு எனக்கு முகம் இல்லை.”

அவர் அட்டையைக் கொடுத்துவிட்டார். அதுதான் வலித்தது.

ஒரு கத்தி வரவில்லை. ஒலி முகம்மது. அரிசி, கித்தான், பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு இன்று காலையே முன்னதாகப் போய்விட்டாராம், கூலிக்குச் சுமை தூக்கும் இருவருடன். அவருக்கான கறுத்த கத்தியை அப்துல் ஹமீதிடம் கொடுத்தனுப்பினேன். நாளை மாலை அவர் கைக்குச் சேரும். இன்று இரவு அவர் கையில் இருப்பது என் பழைய கையொப்பம்.

4-12-1961

மழை.

6-12-1961

இன்னும் மழை. ஜொகூரிலும் மழைதான் என்கிறார்கள்.

மூன்று பேர் வந்து கத்தி கேட்டார்கள். மூவரிடமும் விளக்கு நன்றாக இருக்கிறது என்றேன். கத்தி இருந்தும் விற்க நாக்கு எழவில்லை. “கடைய மூடிட்டு வெத்தலக் கட போடலாமா?” என்கிறார் அவர். கேலிதான். ஆனாலும் மாலையில் என் பங்குக் காப்பியையும் அவரே போட்டுக் கொண்டுவந்தார்.

8-12-1961

ஒலி முகம்மதுவுக்கு ஏதும் ஆகியிருக்காது. பேசுகிற மனிதர். பேசுகிறவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை.

இது என்ன வாதம்? யார் சொன்னது?

12-12-1961

வந்துவிட்டார்கள்!

பிற்பகலில் அப்துல் ஹமீதும் ஒலி முகம்மதுவும் கடைக்கு வந்தார்கள். ஒலி முகம்மதுவின் இடக்கையில் துணிக்கட்டு. என் முகத்தைப் பார்த்ததும் அவர் கட்டிய கையைத் தூக்கி விரல்களை ஆட்டிக் காட்டினார்.

“எல்லாம் இருக்கு க்கா. எண்ணிப் பாத்துக்கங்க.”

முதல் இரவு, கூரைக்கு மூங்கில் வெட்டியிருக்கிறார். இரண்டாவது வெட்டிலேயே அலகு வளைந்துவிட்டது. நிமிர்த்தப் பார்த்தபோது கை வழுக்கி உள்ளங்கையைக் கிழித்திருக்கிறது. மூவரும் கித்தானைத் தலைமேல் பிடித்துக்கொண்டு விடியும்வரை நனைந்திருக்கிறார்கள். மறுநாள் மாலை மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

“ஹமீது பாய் கறுப்புக் கத்தியக் குடுத்து, ‘செல்லக்கண்ணு அம்மா கூட்டத்துல நின்னு தப்பு என்னுதுன்னாங்க’ன்னாரு. நான் நம்பல. கடைக்காரங்க அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்ல லா.”

வளைந்த கத்தியைப் பலகைமேல் வைத்தார். வாழையிலை போல வளைந்திருந்தது. நடுவில் மட்டும் இன்னும் பளபளப்பு.

“இதக் குறை சொல்லாதீங்க. மேல இருந்த அத்தன நாளும் இதுல பாத்துதான் சவரம் பண்ணினேன். நல்ல கண்ணாடி. கத்தின்னு சொல்லி வித்துட்டாங்க, அவ்வளவுதான்.”

சிரிக்கவும் முடியாமல், அழவும் முடியாமல் நின்றேன். உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அவர் இடுப்பிலிருந்து கறுத்த கத்தியை எடுத்து, அதையும் பலகைமேல் வைத்தார்.

“இதுக்கு அட்ட வேணும்.”

“அட்டை எழுதுவதில்லை என்று—”

“அதுக்கு எழுதினீங்க, இதுக்கு எழுத மாட்டீங்களா? இதுதான் என்னைக் கரையேத்துச்சு. கொடி, பிரம்பு, டின்னு, ஹமீது பாய் காலணி வாரு, எல்லாம் வெட்டியாச்சு. கையில கட்டு வேற, ஒத்தக் கையாலயே வெட்டினேன்.”

அப்துல் ஹமீது மெல்லச் சொன்னார்: “எல்லாரும் கேக்குறாங்கம்மா. வடிவேலுதான் முதல்ல கேட்டாரு. கத்தி நல்லா இருக்கு. ஆனா எழுத்துல இருந்தா ஒரு தெம்பு.”

எழுதித் தருவதாகச் சொல்லவில்லை. யோசிப்பதாகச் சொன்னேன். அவர்கள் போன பிறகு என் கணவர், பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

14-12-1961

புதிய வாசகம். ஒரே முறைதான் எழுதினேன்.

‘இக்கத்தியை எலுமிச்சையால் தேய்த்தேன், கறுத்தது. அரம் வைத்தேன், வழுக்கியது. தேங்காய் ஓட்டை மூன்று முறை வெட்டினேன், வாய் மடங்கவில்லை. பிடியைச் சுவரில் அடித்துப் பார்த்தேன், ஆடவில்லை. நான் பார்த்தது இவ்வளவே. மலையில் நடப்பதற்கு நான் சாட்சி இல்லை. செல்லக்கண்ணு.’

‘யான்’ எங்கும் வரவில்லை. கொஞ்சம் வருத்தம்தான்.

20-12-1961

யூசுப் அண்ணன் வந்தார். பளபளப்புக் கத்திகளைப் பலகைமேல் வைத்து அரத்தையும் பக்கத்தில் வைத்தேன். தாமே தேய்த்துப் பார்த்தார். காது சிவந்துவிட்டது.

“நானும் முகம் பாத்துத்தான் வாங்கினேன் தங்கச்சி. அல்லா மேல ஆணையாத் தெரியாது.”

நம்பினேன். நானும் அப்படித்தானே வாங்கினேன். எடுத்துச் சென்றார், ஒன்றை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். ரபியா வீட்டில் கண்ணாடி உடைந்துவிட்டதாம். அவளுக்கு.

15-1-1962

நேற்றுப் பொங்கல். பால் நன்றாகப் பொங்கிற்று. தங்களைத் திறக்கச் சென்ற ஆண்டு போல மறந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

கடையில் புதுப் பழக்கம் ஒன்று வந்திருக்கிறது. கத்தி வாங்க வருபவர்கள் பளிச்சென்றிருக்கும் சமையற்கத்தியைத் தள்ளிவிட்டு, “புள்ளி விழுந்தது இருக்கா?” என்று கேட்கிறார்கள். பஸ்ஸில் ஒலி முகம்மது டிக்கெட்டோடு சேர்த்துச் சொல்லி அனுப்புகிறாராம். பலகைமேல் ஒரு கிண்ணத்தில் எப்போதும் அறுத்த எலுமிச்சை. வாங்குபவரே தேய்த்துப் பார்க்கலாம். கடை முழுதும் ஊறுகாய் மணம் என்கிறார் அவர். மூட்டை முடிந்துவிட்டது. ‘கழிவு’ என்று எழுதிய கூடையில் இப்போது வெங்காயம் வைத்திருக்கிறேன். சுங்கை ரோட்டில் அவர் இன்னொரு மூட்டைக்காக இரண்டு முறை தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

அடுத்த ஜூன் விடுமுறையில் கழகம் மறுபடி மலை ஏறுகிறது. இம்முறை இருபத்தாறு பேர். அப்துல் ஹமீது கத்தி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்கவே இல்லை. “அட்டையோட குடுத்துடுங்கம்மா” என்றார். அவ்வளவுதான்.

ஆகவே யூசுப் அண்ணனுக்கு இன்று கடிதம் எழுதினேன். முதலில் வழக்கம்போல் இரண்டு பக்கம் வந்தது. அதைக் கிழித்துத் திருகாணிப் பொட்டலம் கட்டிவிட்டு, இதை எழுதினேன். படியை இங்கே வைக்கிறேன்:

‘அண்ணனுக்கு வணக்கம். பட்டாளத்துப் பழைய கத்தி பினாங்கில் கிடைக்குமா? பெயர், எழுத்து எதுவும் வேண்டாம். அனுப்பும் முன் எலுமிச்சை வைத்துப் பாருங்கள், கறுத்தால் அனுப்புங்கள். வந்ததும் அரம் வைத்து நான் பார்த்துக்கொள்கிறேன். ஜூனுக்குள் வேண்டும். விரைவில் பதில் எழுதவும்.’